சரபிக்கி நீர் ஒப்போசம் இரவு நடை: காசுக்குத் தகும், ஆனால் பொறுமை வேண்டும்

கோஸ்டாரிகாவின் சரபிக்கி பக்கம் போகிறவர்கள் ஸ்லாத்தையும் தூக்கானையும் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே உள்ளூர்க்காரர் ஒருவர் நீர் ஒப்போசத்தை (கங்காரு மாதிரி குட்டிகளைப் பையில் சுமக்கிற, ஓடையில் நீந்தி இரை பிடிக்கிற சின்ன விலங்கு) தேடி ராத்திரியில் ஓடைக்குள்ளேயே நடத்திக் கூட்டிப்போகிறார், நாலு ஸ்டார் தாராளமாகத் தரலாம். விலங்கு கண்ணில் பட்டே தீரும் என்று அவர் சொல்வதில்லை, பணம் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறார். அதே ஊரில் "கட்டாயம் காட்டுகிறோம்" என்று ஆள் பிடிக்கிற இன்னொரு கோஷ்டியோடும் போனேன்: பெரிய கும்பல், ஆளுக்கொரு வெள்ளை டார்ச், ஓயாத பேச்சு, தவளைகூட நிற்கவில்லை.

இவரிடம் நாலு பேருக்கு மேல் கிடையாது. ரப்பர் பூட்ஸ், தலையில் சிவப்பு விளக்கு, வாயைத் திறக்கக்கூடாது. (பூட்ஸ் வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள், தெர்சியோபெலோ குழிவிரியன் அங்கே சகஜம்.) நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கரையில் இருந்த வளை ஒன்றுக்கு எதிரே உட்கார வைத்தார், கால் மரத்துப்போகும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் இரண்டு கண்கள் மின்னின. சாம்பல் முதுகில் அகலக் கறுப்புப் பட்டைகள், உடம்பைவிட நீளமான கறுப்பு வால், நுனி மட்டும் வெளுப்பு. சவ்வு உள்ள பின்கால்களை மாற்றி மாற்றி உதைத்து நீந்தியது, சவ்வில்லாத முன்கைகளை நீட்டிக் கல்லிடுக்கெல்லாம் துழாவியது. இருட்டுத் தண்ணீரில் மீனையும் நண்டையும் தொட்டுத்தான் கண்டுபிடிக்கிறதாம். ஒரு நண்டோடு கரையேறி இரண்டு கையிலும் பிடித்துக் கடித்தது, ஓடு நொறுங்குவது எங்கள் பக்கம் வரை கேட்டது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது, ரோமம் நனைந்ததாகவே தெரியவில்லை.

திரும்பும் வழியில்தான் பேசினார். பைப்பாலூட்டியான இதில் பெண்ணின் பை பின்பக்கம் திறக்குமாம், பையின் வாயைத் தசை இறுக்கிவிடுவதால் குட்டிகளோடே முங்கலாம். ஆணுக்கும் பை உண்டு, நீந்தும்போது விதைப்பையை அதற்குள் ஒடுக்கிக்கொள்ளும்! தெற்கு மெக்சிகோவிலிருந்து வடக்கு அர்ஜென்டினா வரை பரவியிருந்தாலும் கரையோரம் காடுள்ள, ஓடுகிற நன்னீர் இதற்கு வேண்டும், அதனால்தான் அன்னாசித் தோட்டத்துத் தண்ணீர் கலக்காத ஓடையாகப் பார்த்து வைத்திருக்கிறார்.

ஒரு ஸ்டார் குறைத்தது, விளக்கம் முழுக்க ஸ்பானிஷில் என்பதால். கூட வந்தவர் ஒருவர் மொழிபெயர்த்ததால் பிழைத்தோம். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார். ஓடையில் தண்ணீர் ஏறினால் நடை ரத்து, பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். ஃபிளாஷ் போட விடமாட்டார், அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.