உப்புக்காற்றில் நாலு வருடம்: எங்கள் வீட்டு ஓவன்

பரமக்குடியில் இருக்கும் தங்கச்சி நேற்று போன் செய்தாள். "அக்கா, நீ வச்சிருக்கிற அதே ஓவன் இப்ப ஆயிரம் ரூபாய் குறைஞ்சிருக்கு. லீவுல பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்ய வாங்கட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. ராமநாதபுரத்தில் பழுது பார்க்கக் கொடுத்திருந்த ஓவனுக்கு அன்று காலைதான் 950 ரூபாய் கொடுத்து, பஸ்ஸில் காலடியில் வைத்து ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊர் தங்கச்சிமடத்துக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலோரத்தில் குடியிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

2021 கிறிஸ்மஸுக்கு முன்னால் வாங்கியது, 28 லிட்டர். வாங்கக் காரணம் பிள்ளைகள்தான். பண்டிகை வந்தால் வீட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்காது. லீவு வந்தால் கடை பிஸ்கட். இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியில் விதி வந்தது உண்மை. ஆனால் கண்ணாடி ஜாடியில் உதிரியாக விற்கும் பிஸ்கட்டில் என்ன கொழுப்பு போட்டார்கள் என்று எந்த அட்டையும் கிடையாது. நானே செய்தால் எனக்குத் தெரியும்.

அதிகம் செய்வது கேப்பை பிஸ்கட். கேப்பை மாவு 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 100, கருப்பட்டி 120. கேப்பை மட்டும் போட்டால் ஒட்டாமல் உதிர்ந்துவிடும், அதனால்தான் கோதுமை. கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும். அம்மிக் குழவியால் உடைத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டுவேன். வடித்த பிறகு துணியில் நிற்பதைப் பாருங்கள்: மணல், ஓலைத் துணுக்கு, சில சமயம் ஒரு எறும்பு. வடிகட்டாமல் போட்டால் பிள்ளை கடிக்கும்போது பல்லில் நறநறக்கும். இந்த அளவுக்கு நாற்பது பிஸ்கட் வரும், ஒன்றில் 3 கிராம் கருப்பட்டி. கருப்பட்டியும் இனிப்புதான், அதில் ஏமாற வேண்டாம். ஒரு நாளில் உடலுக்குச் சேரும் சக்தியில் சேர்க்கும் இனிப்பின் பங்கு பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அதனால் எங்கள் வீட்டில் ஆளுக்கு நாலு பிஸ்கட், அதற்கு மேல் டப்பா திறக்காது. கேப்பையில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. மைதா பிஸ்கட்டில் அது எங்கே? மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கரையில் நிற்கும்போது, கையில் காசு ஓடாது. பிள்ளைகளுக்கோ அப்போதுதான் முழு லீவு. அந்த இரண்டு மாதத்தையும் இந்த பிஸ்கட்தான் ஓட்டிக் கொடுத்திருக்கிறது.

இனி துருவைப் பற்றி. எட்டாவது மாதம் கதவுத் திருகுகளில் ஆரம்பித்தது. துடைத்தேன், எண்ணெய் தடவினேன், துணி போட்டு மூடினேன். இரண்டாவது வருடம் அடித்தட்டில் ஊசி ஓட்டைகள். மூன்றாவது வருடம் கதவு கிறீச்சென்று கத்தி, பாதியிலேயே நிற்கும். இந்த டிசம்பரில் மோசமானது நடந்தது. பிஸ்கட்டை வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கருப்பட்டி போட்ட மாவு சீனி மாவைவிடச் சீக்கிரம் கருகும் என்பதால் எப்போதும் 150 டிகிரிதான் வைப்பேன். இறங்கி வந்தால் வீடெல்லாம் புகை, நாற்பதும் கரி. சின்னவள் வாசலில் நின்று அழுகிறாள்.

மெக்கானிக் பின்பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். ஹீட்டர் கம்பி சேரும் இடத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தது. வைத்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு, சூடு ஏறியும் பிரியவில்லை. "உங்க பக்கத்து மிக்ஸி, ஃபேன் எல்லாம் இப்படித்தாம்மா வருது" என்றார். கம்பெனிக்கு போன் செய்தபோது துரு வாரண்டியில் வராது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிற தமிழ்நாட்டில் விற்கிறீர்கள், உள்ளே ஒரு நல்ல பூச்சு கொடுக்கக் கூடாதா? இதைக் கேட்டு மெயில் போட்டேன், பதில் இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் வருடா வருடம் பெயின்ட் அடித்தும் அரித்துப்போய், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. இந்தக் காற்றுக்கு முன்னால் தகர டப்பா எம்மாத்திரம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சரிதான். ஆனால் பாலத்தில் என் பிள்ளைகளின் பலகாரம் கருகவில்லையே.

இந்த ஓவனை இத்தனை கோபத்திலும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது சீனிக்கிழங்குக்காக. பொங்கல் லீவில் தற்செயலாகக் கண்டுபிடித்தது. கழுவித் துடைத்து, முள்கரண்டியால் நாலு குத்து குத்தி, எதுவும் தடவாமல் 190 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். மெதுவாகச் சூடேறும்போது கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தே இனிப்பாக மாறுகிறது. தோல் சுருங்கி, குத்திய இடத்தில் பாகு கசிந்து, கருந்தேன் மாதிரி சொட்டி நின்றது. பிட்டால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் அல்வா. வேகவைத்த கிழங்கைத் தொடாத பெரியவன், தட்டில் ஒட்டிய பாகைக் கரண்டியால் சுரண்டித் தின்றான். ஒரு சிட்டிகை சீனி இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இன்னொன்று, கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊரில் டப்பாவில் போட்ட மூன்றாம் நாளே பிஸ்கட் நமத்துவிடும். 110 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறு. முறுக்குக்கும் இது சரிப்படும். சாயங்காலம் மட்டும் செய்யாதீர்கள். எங்கள் தெருவில் மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், அப்போது சூடு அறுபது சதவீதம்தான் கிடைக்கும்.

பரமக்குடியில் உப்புக்காற்று கிடையாது. விலையும் குறைந்திருக்கிறது. நியாயப்படி தங்கச்சியிடம் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கரிந்த தட்டு இன்னும் கொல்லையில் ஊறிக்கொண்டிருக்கிறது, வாய் வரவில்லை. வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். பிள்ளைகளை லீவுக்கு இங்கே அனுப்பு, நான் சுட்டுத் தருகிறேன். கிழங்கு நாலு கிலோவாகச் சொல்லி வைக்கிறேன்.