பூப்பந்துக்கும் பாட்டுக்கும் ஒரே கூரை: 12 ஆண்டு அனுபவம்

சிலாங்கூரில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பட்டணத்தின் பல்நோக்கு உள்ளரங்கத்தை 12 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். புதன்கிழமை மாலைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பூப்பந்துப் (இறகுப்பந்து) பயிற்சி கொடுப்பதும், தீபாவளியை ஒட்டி நடக்கும் கலை இரவில் மேடையையும் ஒலியையும் கவனிப்பதும் என் பொறுப்பு.

விளையாட்டுக்கு இது அருமையான இடம். 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்ட நான்கு ஆடுகளங்கள் போதிய இடைவெளியுடன் அமைந்துள்ளன. எவ்வளவு தூக்கி அடித்தாலும் பந்து உத்திரத்தில் படுவதில்லை. தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் கடுமையாக இருந்தாலும், 5 கிராம் அளவே எடையுள்ள பந்தைச் சிறு காற்றும் திசை மாற்றிவிடும் என்பதால் விசிறியைப் போடாமல்தான் ஆடுகிறோம். சூடான காற்றின் அடர்த்தி குறைவு. அதில் பந்து வேகமாகப் போகும் என்பதால் 75 அல்லது 76 எண்ணிட்ட, வேகம் குறைந்த பந்துகளையே வாங்குகிறோம். வீட்டு வாசலில், காற்று அடங்கும் நேரம் பார்த்து ஆடிப் பழகிய பிள்ளைகள், இங்கு வந்த சில வாரங்களிலேயே வலையோரப் பந்தை நிதானமாக எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து இந்த அரங்கத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

இசைக்குத்தான் இது எளிதில் இணங்குவதில்லை. காற்றைத் தடுத்துப் பந்தைக் காக்கும் அதே வெறுஞ்சுவர்கள் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. மேடையிலிருந்து பின்சுவர் ஏறக்குறைய 40 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்வதால், போய்த் திரும்பக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. அதற்குள் பாடுபவர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். உருமி மேளக் குழு வந்த ஆண்டில் ஓர் அடியின் எதிரொலி அடுத்த அடியின்மேல் விழுந்து, கூடவே கைதட்டியவர்கள் தாளம் தவறினார்கள். ஒலிபெருக்கியைக் கூட்டினால் சரியாகும் என்று முதலில் நினைத்தோம். எதிரொலியும் சேர்ந்தே கூடியது. மழை பிடித்துக்கொண்டாலோ, கூரைச் சத்தத்தில் அறிவிப்பாளரின் குரல்கூடக் கேட்காது.

கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட புத்ரா உள்ளரங்கம், பின்னர் அக்சியாத்தா அரினா என்ற பெயரும் பெற்று, மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டிக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கும் இடம் தருகிறது. ஏறக்குறைய 16,000 பேர் அமரும் அந்த அரங்கத்தோடு எங்களுடையதை ஒப்பிடுவது முறையல்ல. ஆயினும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இடத்தைப் புதிதாக ஆயத்தம் செய்யும் பொறுமையை நாமும் கைக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு கோயிலில் விரிக்கும் தடித்த கம்பளங்களை இரவல் வாங்கி, பின்சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டினோம். ஒரே இடத்திலிருந்து உரக்க ஒலிப்பதற்குப் பதிலாக, சிறிய ஒலிபெருக்கிகளைப் பக்கவாட்டில் பிரித்து, கூட்டத்தை நோக்கிச் சாய்த்து வைத்தோம். மனித உடலும் உடையும் ஒலியை உள்வாங்கும். ஆகவே காலியான அரங்கில் சரிபார்த்த அளவை, கூட்டம் நிறைந்தபின் மீண்டும் ஒருமுறை திருத்தினோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த என் அம்மா, அன்றுதான் பாட்டின் சொற்கள் முழுவதும் காதில் விழுந்ததாகச் சொன்னார். புதன்கிழமைப் பயிற்சிக்கு முன் கம்பளங்களை அவிழ்த்து, தூசு தட்டி, கோயிலில் ஒப்படைத்தோம்.