பஃபலோ நிக்கலா, ஜெஃபர்சன் நிக்கலா?

நிக்கல் என்று அழைக்கப்படும் பழைய அமெரிக்க ஐந்து சென்ட் காசு சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்: 1913 முதல் 1938 வரை அடித்த பஃபலோ, 1938இல் தொடங்கிய ஜெஃபர்சன். நான் ஜெஃபர்சன் பக்கம் போனேன். இவற்றுக்கு முந்தைய ஷீல்டு, லிபர்ட்டி காசுகள் என் கையில் அதிகம் புழங்கியதில்லை, அதனால் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை.

அழகில் போட்டியே கிடையாது. ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் வடித்த பூர்வகுடி முகமும் காட்டெருமையும் எந்த ஆல்பத்தில் வைத்தாலும் கண்ணை இழுக்கும். ஆனால் அவர் வருஷத்தை வைத்த இடம் தோள்பட்டை, காசிலேயே மேடான பகுதிகளில் ஒன்று, புழக்கத்தில் அதுதான் முதலில் தேயும். பின்பக்கத்தில் காட்டெருமை நின்ற மேட்டின் மேல் இருந்த ‘ஃபைவ் சென்ட்ஸ்’ எழுத்தும் தேய்ந்துவிடும் என்று 1913லேயே மேட்டை நீக்கிவிட்டு எழுத்தைப் பள்ளத்தில் இறக்கினார்கள், வருஷத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்புக் கிடைக்கவில்லை. விளைவு, மொத்தமாக வாங்கினால் வருஷம் அழிந்த காசு நிறைய வரும். வருஷம் இல்லாத காசை ஆல்பத்தில் எந்த வருஷத்துக் குழியில் வைப்பது? மேடு இருந்தால் 1913 என்று சொல்லிவிடலாம், மற்றவை பெல்ட் பக்கிள், பட்டன் செய்கிறவர்களுக்குத்தான் போகும். அமிலம் தடவி வருஷத்தை வரவழைக்கலாம், ஆனால் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும், விற்கப் போனால் விலை அடிமட்டம். ஒரு கால் இல்லாமல் வந்ததால் மூன்று கால் எருமை என்று பேர் வாங்கிய 1937-டி (டி என்றால் டென்வர் அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் இடத்தில், அடித்தது) வேறு இருக்கிறது, சாதாரணக் காசில் ஒரு காலைச் சுரண்டி எடுத்து அதுதான் என்று விற்பார்கள், ஆகவே அசல் என்று சான்றளித்த காசாக இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

ஜெஃபர்சனில் இந்தத் தலைவலி இல்லை. வருஷம் முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் தலைக்குப் பின்னால், விளிம்பை ஒட்டித் தட்டையான இடத்தில் இருக்கிறது, நன்றாகப் புழங்கிய காசிலும் படிக்கலாம். வங்கியில் இரண்டு டாலருக்கு நாற்பது காசு ரோல் வாங்கித் தேடலாம், ஒன்றும் அகப்படாவிட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம், நஷ்டம் இல்லை. அதில் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்து மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்தைத்தான். அதற்கு மேலே பெரிதாக பி, டி, எஸ் என்று ஓர் எழுத்து இருந்தால் அது 1942 முதல் 1945க்குள் வந்த போர்க்கால நிக்கல், 35 சதவீதம் வெள்ளி. போருக்கு நிக்கல் உலோகம் தேவைப்பட்டதால் செம்பு, வெள்ளி, மாங்கனீசு கலந்து அடித்தார்கள், அதனால்தான் பழசானதும் ஒரு மாதிரி கருத்துப்போய், குவியலில் தனியாகத் தெரியும். பிலடெல்பியா அக்கசாலை பி என்று தன் குறியைப் போட்டதும் இதில்தான் முதல் தடவை. 1944 என்று இருந்து மேலே எழுத்து இல்லையென்றால் அது கள்ளக்காசு, ஹென்னிங் என்பவர் அடித்தது.

அரிய வருஷங்களும் கைக்கு எட்டும். 1950-டி வெறும் 26,30,030தான் அடித்தார்கள், ஆனால் அப்போதே பதுக்கிவைத்ததால் புதுசு போலவே இன்றும் கிடைக்கிறது. 1939-டி கொஞ்சம் தேட வேண்டும். மான்டிசெல்லோ படிக்கட்டு முழுசாகத் தெரியும் காசுகளுக்குத் தனி விலை உண்டு, அந்தத் தர நுணுக்கத்தில் எனக்கு இன்னும் கண் பழகவில்லை.

அப்புறமும் பஃபலோ வேண்டும் என்று மனசு கேட்டால் 1938-டி ஒன்று வாங்குங்கள். அந்த வருஷம் பஃபலோவை டென்வரில் மட்டும்தான் அடித்தார்கள், நிறையப் பேர் எடுத்துவைத்ததால் கொம்பும் வருஷமும் தெளிவாக உள்ளதே கிடைக்கும்.