நன்றி நாட்குறிப்பு: தையல் அருமை, கட்டங்கள்தான் தொல்லை

பைண்டிங் வேலை பார்க்கிறவன் கையில் எந்த நோட்டு வந்தாலும் முதலில் முதுகைத்தான் திருப்பிப் பார்ப்பான். இந்த நன்றி நாட்குறிப்பையும் அப்படித்தான் பார்த்தேன். அக்கா மகள் வாங்கிக் கொடுத்தது. "மாமா, நீங்க எதுக்கெடுத்தாலும் சலிச்சுக்கிறீங்க. தினமும் இதுல எழுதிப் பாருங்க" என்றாள். சலிப்பு எங்கள் தொழிலோடு வருவது. அட்டை ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் முகம் சுளிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலை சரிப்படும். ஆனாலும் எழுதினேன். நோட்டில் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் பொருள். ஏ5 அளவு, கெட்டி அட்டை, துணி ஒட்டிய முதுகு. உள்ளே 16 பக்க ஃபாரமாக (மடித்த தாள் தொகுதி) 12, மொத்தம் 192 பக்கம். வெறும் கம் தடவி ஒட்டிவிடாமல் ஒவ்வொரு ஃபாரத்தையும் நூலால் தைத்திருக்கிறார்கள். அதனால் எங்கே விரித்தாலும் நோட்டு தட்டையாகப் படுக்கிறது. இடது கையால் அமுக்கிக்கொண்டு வலது கையால் எழுதும் அவஸ்தை இல்லை. தினமும் திறந்து மூடுகிற நோட்டுக்கு இது முக்கியம். கம் மட்டும் வைத்தது என்றால் சில மாதங்களில் தாள் கழன்று கையோடு வந்துவிடும். தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை), லேசான பழுப்பு. மைப் பேனாவில் எழுதினால் மறுபக்கம் நிழல் தெரிகிறது, ஊறவில்லை. மூடி வைக்கிற ரப்பர் பட்டை மட்டும் சீக்கிரமே தொய்ந்துவிட்டது. அட்டையில் 'இன்று நான் நன்றி சொல்கிறேன்' என்று தங்க ஃபாயிலில் விரல் உயர எழுத்து. நோட்டை அச்சகத்துக்கு எடுத்துப்போகக் கூச்சமாக இருந்ததால் காக்கித் தாளில் அட்டை போட்டுவிட்டேன். அந்தரங்கமான நோட்டு ஒன்று தன்னைத்தானே இப்படியா கூவிக் காட்டிக்கொடுக்கும்?

இனி உள்ளே. நாளுக்கு ஒரு பக்கம். காலையில் நன்றி சொல்ல ஐந்து விஷயம், இரவில் நடந்த நல்லவை ஐந்து. மேலே ஒரு பொன்மொழி, கீழே மனநிலையைக் குறிக்க ஐந்து முகங்கள், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தோம் என்று குறிக்க எட்டுச் சின்ன வட்டங்கள். தண்ணீருக்கும் நன்றிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பொன்மொழிகளில் பாதியை எந்தப் பெரிய மனிதரின் பெயரில் போட்டாலும் பொருந்தும். அவற்றை விட்டுவிடலாம்.

விட முடியாதது அந்தப் பத்து வரி. காலையில் எழுந்து ஐந்து நன்றி யோசிக்கச் சொன்னால் என்ன வருகிறது? காற்று, வெளிச்சம், கை கால் சுகம், வேலை, குடும்பம். மறுநாளும் அதே ஐந்து, வரிசைதான் மாறியிருக்கும். அதற்கு அடுத்த நாள் பேனாவே முந்திக்கொண்டு எழுதிவிடுகிறது, மனசுக்கு அங்கே வேலை இல்லை. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. ஏழாவது எட்டாவது வரிக்கு எதுவும் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும்போது, 'இவ்வளவுதானா என் நாள்' என்று தோன்ற ஆரம்பிக்கிறது. நல்லதை எண்ணச் சொன்ன நோட்டு பஞ்சத்தை எண்ண வைக்கிறது.

இது என் ஒருவனுடைய மனக்கோணல் இல்லை போலும். உளவியலாளர் நோர்பர்ட் ஷ்வார்ஸும் சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. தாங்கள் உறுதியாக, விட்டுக்கொடுக்காமல் நடந்துகொண்ட சம்பவங்களைச் சிலரிடம் 6 எழுதச் சொன்னார்கள், வேறு சிலரிடம் 12. ஆறு எழுதியவர்கள்தான் தங்களை அதிக உறுதியானவர்களாக மதிப்பிட்டார்கள். பன்னிரண்டுக்குத் திணறியவர்கள், இவ்வளவு யோசித்தும் வரவில்லையே, அப்படியானால் நாம் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். நன்றியைப் பற்றிய சோதனை இல்லைதான். ஆனால் பத்து வரிக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு விஷயம் உடனே புரியும்.

நோட்டின் முன்னுரை 'ஆய்வுகள் நிரூபித்த முறை' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. எந்த ஆய்வு என்று தேடிப் படித்தேன். இந்தப் பழக்கத்துக்குப் பெரும்பாலும் மூலமாகக் காட்டப்படுவது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரை. அதன் முதல் சோதனையில் மாணவர்கள் எழுதியது வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயம். காலை ஐந்து, இரவு ஐந்து என்று அங்கே யாரும் சொல்லவில்லை. 2005இல் வெளியான சோன்யா லூபோமிர்ஸ்கி குழுவின் ஆறு வார ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு மார்ட்டின் செலிக்மன் குழுவினர் தினமும் இரவில் எழுதச் சொல்லியும் நல்ல பலன் கண்டார்கள். அது மூன்றே விஷயம், ஒரே வாரம், கூடவே ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணமும். ஆக, தினமுமா வாரமா என்பதில் தீர்ப்பு இல்லை. ஆனால் பத்து என்ற எண்ணிக்கை இவை எதிலும் இல்லை. பக்கம் நிரம்ப வேண்டும் என்று லேஅவுட் போட்டவர் வைத்த கணக்காகத்தான் இருக்கும். அந்த வேலையும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்த 'ஏன்'தான் இந்த நோட்டில் இல்லாத முக்கியமான கட்டம். இப்போது நான் காலைப் பகுதியைத் தொடுவதே இல்லை. இரவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மீதி வரிகளில் காரணம். முன்பு எழுதியது: 'வேலை நல்லபடி முடிந்தது.' பிறகு எழுதியது: 'மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் அக்கா ஏழாவது ஃபாரம் தலைகீழாக அடுக்கியிருப்பதைத் தைப்பதற்கு முன்பே பிடித்துவிட்டார். ஏன்? அவர் எண்ணைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு ஃபாரத்திலும் முதல் வரியைப் படிக்கிறார். யாரும் படிக்கச் சொல்லவில்லை.' எழுதி முடித்த பிறகுதான் இத்தனை வருடத்தில் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது உறைத்தது. மறுநாள் சொன்னேன். "இப்பதான் தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாள் கட்டை எடுத்துக்கொண்டார். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நன்றி எழுதிய நாட்களில் மறுநாள் யாரிடமும் போய்ச் சொல்ல எனக்கு எதுவும் இருந்ததில்லை.

இன்னொன்றும் சேர்த்திருக்கலாம். 2008இல் வந்த ஓர் ஆய்வில், துணையோடு வாழ்பவர்களில் சிலரை, அந்தத் துணையைச் சந்தித்த கதையை எழுதச் சொன்னார்கள்; சிலரை, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதங்களை எழுதச் சொன்னார்கள். இரண்டாவது வகையினர்தான் பிறகு உறவில் அதிக நிறைவு சொன்னார்கள். நான் ஒருநாள் இதைத் தொழிலை வைத்து எழுதிப் பார்த்தேன். முதல் முதலாளியிடம் அன்று ஒரு ஆள் லீவு போடாமல் இருந்திருந்தால், நான் தையல் ஊசியையே தொட்டிருக்க மாட்டேன். இரண்டு பக்கம் போயிற்று. கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்திலெல்லாம் எழுத வேண்டியதாயிற்று.

ஓரம் என்றதும் நினைவுக்கு வருகிறது, இதில் எரிச்சலை எழுத இடமே கிடையாது. ஒரு முறை பெரிய வேலை முடித்துக் கொடுத்தும் பணம் வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இரவு ஐந்து நல்லவை எழுதச் சொன்னால் கோபம்தான் இன்னும் ஏறுகிறது. கடைசியில் விட்டிருக்கும் நான்கு வெற்றுப் பக்கங்களுக்குப் போய் உள்ளதை உள்ளபடி கொட்டினேன். மனசை உலுக்கிய விஷயங்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதுவது பற்றி ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இலேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அதுவும் நாட்குறிப்பின் வேலைதான். 192 பக்கத்தில் அதற்கு நான்கு பக்கம் ரொம்பக் குறைவு.

இணைப்பாக வரும் துண்டுச்சீட்டில் 'கவலை, மனச்சோர்வு நீங்கும்' என்று போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 27 ஆய்வுகளைத் திரட்டி அலசி 2021இல் வந்த கட்டுரை, அந்த இரண்டிலும் நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறிய அளவே என்கிறது. தூக்கம் போய், சாப்பாடு போய்த் தவிக்கிறவருக்கு இந்த நோட்டைப் பரிசளிப்பதை விட மருத்துவரிடம் கூட்டிப்போவது மேல். என்னைப் போன்ற சாதாரணச் சலிப்புக்காரனுக்கு ஓரளவு வேலை செய்கிறது. எவ்வளவு என்று அக்கா மகளைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். தினமும் எழுதிப் பழக்கமே இல்லாதவருக்கு, வெற்றுத் தாளைப் பார்த்தால் கை நடுங்குகிறவருக்கு, ஆரம்பத்தில் இந்தக் கட்டங்கள் பிடிமானமாக இருக்கும். பத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஏற்கெனவே எழுதுகிறவருக்கு நல்ல தாளில் கோடு போட்ட நோட்டே போதும். இது தீர்ந்தால் நான் மறுபடி வாங்கப்போவதில்லை. வெட்டிய தாள் மிச்சம் கிடக்கிறது, நானே தைத்துக்கொள்வேன்.

வாங்குகிறவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். இதே அட்டை, இதே கட்டங்களோடு மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன. முதுகை மேலிருந்து பார்த்தால் மடித்த ஃபாரங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு ஃபாரத்தின் நடுப்பக்கத்தை விரித்தால் மடிப்பில் நூல் ஓடியிருக்க வேண்டும். நூல் இல்லையென்றால் அது கம் வைத்தது, கீழே வைத்துவிடுங்கள்.