முதல் சூரியகாந்தி: அக்ரிலிக்கா, ஆயிலா?

கேன்வாஸ் வாங்கிய கையோடு பலரும் வரைய ஆசைப்படுவது சூரியகாந்தியைத்தான். பெரிய பூ, வட்டமான முகம், ரோஜாவைப் போல இதழுக்குள் இதழ் மடிந்து குழப்பாது. வடிவம் எளிது என்பது உண்மைதான். ஆனால் நிறம் அப்படி இல்லை. கையாளச் சிரமமான நிறங்களில் முதல் வரிசையில் நிற்பது மஞ்சள். அடியில் இருப்பதை மறைக்காது, பக்கத்தில் எது பட்டாலும் அதன் சாயலை வாங்கிக்கொள்ளும்.

போன வாரம் எதிர் வீட்டுப் பெண், பிளஸ் டூ படிப்பவள், தன் கேன்வாஸை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். "அக்கா, நான் பச்சையைத் தொடவே இல்ல. பூ எப்படிப் பச்சையாச்சு?" என்றாள். பார்த்தேன். ஆயில் பெயின்டில் நீல வானம் அடித்திருக்கிறாள், அன்றே அதன் மேல் மஞ்சள் இதழ்களை இழுத்திருக்கிறாள். ஈர நீலமும் மஞ்சளும் கலந்து இதழ் நுனியெல்லாம் பச்சை. இதழ்களின் நிழலுக்கு மஞ்சளில் கறுப்பைக் கலந்திருக்கிறாள். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் குளத்துப் பாசியின் நிறம் வரும், வேறு எதுவும் வராது. கடையில் "பெரிய ஓவியர்கள் எல்லாம் ஆயில்தான்" என்று சொன்னார்களாம், அதை நம்பி வாங்கியிருக்கிறாள்.

அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். அக்ரிலிக் நல்லதா, ஆயில் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. சூரியகாந்தியின் இதழுக்கு எது, நடுவட்டத்துக்கு எது, நம் வீட்டுக்கு எது என்று தனித்தனியாகக் கேட்டால் கிடைக்கும்.

இரண்டும் காயும் விதம்

எல்லா வித்தியாசமும் இங்கேதான் தொடங்குகிறது. அக்ரிலிக்கில் நிறப்பொடி, தண்ணீரில் கலந்த ஒருவகை பிளாஸ்டிக் பசையில் இருக்கிறது. தண்ணீர் ஆவியானதும் பசை இறுகிவிடும். மெல்லிய பூச்சு என்றால் கால் மணி, அரை மணி நேரம் போதும். ஒருமுறை காய்ந்தால் மறுபடி தண்ணீரில் கரையாது. ஆயிலில் நிறப்பொடி ஆளி விதை எண்ணெயில் குழைக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்கள் ஆகும், கெட்டியாகப் பூசினால் வாரக்கணக்கில் போகும். மேலே வார்னிஷ் அடிக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்வார்கள்.

இன்னொன்று. அக்ரிலிக் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்ததும் ஒரு சாயல் அழுத்தமாகத் தெரியும். பால் போல வெளுத்திருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் இப்படி. மஞ்சளில் இது அவ்வளவாகத் தெரியாது. நடுவட்டத்துப் பழுப்பிலும் இதழின் நிழலிலும் தெரியும். அதனால் நிழல் நிறத்தை நினைத்ததைவிடக் கொஞ்சம் வெளிறிய பதத்தில் கலக்க வேண்டும். ஆயிலில் இந்தக் கணக்கு வேண்டாம், கண்ணில் பட்ட நிறம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

மஞ்சளின் அடியில் என்ன?

தொடக்கநிலை வண்ணப்பெட்டிகளில் வரும் எலுமிச்சை மஞ்சள் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் வகை. நீலத்தின் மேல் அதைப் பூசினால், நீலம் நன்றாகக் காய்ந்திருந்தாலும் பச்சையாகத்தான் தோன்றும். காட்மியம் மஞ்சள் நன்றாக மூடும், ஆனால் விலை அதிகம். டியூபில் "காட்மியம் எல்லோ ஹ்யூ" என்று போட்டிருந்தால் அது காட்மியத்தைப் போன்ற நிறம் மட்டுமே. உள்ளே இருப்பது வேறு, மலிவான நிறமி.

இதற்கு ஒரே மருந்து வெள்ளை அடிப்பூச்சு. வானம் காய்ந்ததும் இதழ் இருக்கும் இடத்தில் மட்டும் டைட்டேனியம் வெள்ளையில் இதழ் உருவங்களை அடித்துவிடுங்கள். அது காய்ந்த பிறகு மேலே மஞ்சள். முதல் தடவை இதைச் செய்து பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். அதே டியூப், அதே மஞ்சள், ஆனால் உள்ளிருந்து விளக்குப் போட்டதுபோல இருக்கும்.

இந்த வேலையில் அக்ரிலிக்குக்குப் போட்டியே கிடையாது. வானம், வெள்ளை, மஞ்சள் என்று மூன்று அடுக்கும் ஒரே மாலையில் முடியும். ஆயிலில் ஒவ்வொரு அடுக்குக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வெள்ளையும் மஞ்சளும் குழைந்து மோர் நிறமாகிவிடும்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம் என்றேன். இரண்டு ஊடகத்துக்கும் இது பொது. எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டில் ஒன்றை மஞ்சளில் கலந்தால் சூடான நிழல் வரும். ஒரு துளி ஊதா கலந்தால் அமைதியான நிழல் வரும். ஊதா மஞ்சளுக்கு எதிர்நிறம், அதனால் மஞ்சளின் துடிப்பை மட்டும் அடக்கும், பச்சையாக்காது.

இதழ்களில் ஆயிலின் கை ஓங்கும்

சூரியகாந்தியின் ஓர் இதழைக் கிள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். நடுவட்டத்தை ஒட்டிய அடிப்பகுதி ஆரஞ்சு கலந்து கனமாக இருக்கும். நடுவில் நல்ல மஞ்சள். நுனிக்குப் போகப் போக எலுமிச்சை நிறமாகி வெளிறும். நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். இந்த நிறமாற்றத்தை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாமல் வரைவதில்தான் பூ உயிர்பெறும்.

ஆயிலில் இது சுகமான வேலை. அடியில் ஆரஞ்சு, நுனியில் எலுமிச்சை மஞ்சள் என்று வைத்துவிட்டுச் சுத்தமான பிரஷால் நடுவில் இரண்டு தடவை மெதுவாக வருடினால் போதும். அவசரமே இல்லை. இடையில் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் வண்ணம் அப்படியே காத்திருக்கும். பிடிக்கவில்லையா, கத்தியால் வழித்துத் துணியால் துடைத்துவிடலாம். எதிர் வீட்டுப் பெண்ணின் பச்சை இதழ்களை அன்று அப்படித்தான் வழித்தெடுத்தோம். அக்ரிலிக்காக இருந்திருந்தால் காய்ந்ததன் மேலேயே மறுபடி பூசியிருக்க வேண்டும்.

அக்ரிலிக்கில் அதே இதழை வைகாசி வெயிலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்து பாருங்கள். ஆரஞ்சை வைத்துவிட்டு எலுமிச்சை மஞ்சளை எடுப்பதற்குள் ஆரஞ்சு காய ஆரம்பித்திருக்கும். மேலே தேய்த்தால் பாதி காய்ந்த தோல் திரிதிரியாகப் பிய்ந்து வரும். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு டிபன் பாக்ஸில் ஈரத்துணி விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு வண்ணத்தை வைத்தால் மணிக்கணக்கில் காயாது. ஒரே நேரத்தில் மூன்று இதழ்களுக்கு மேல் தொடாதீர்கள்.

ஆனால் அக்ரிலிக் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இதழில் வரிகள் ஓடும் என்றேனே, அந்த வரிகளுக்கு அக்ரிலிக்கின் இந்தக் குணம் தோதுப்படும். கலக்க முயலாமல், காய்ந்த மஞ்சளின் மேல் அடியிலிருந்து ஆரஞ்சுக் கோடுகளையும் நுனியிலிருந்து வெளிர்க் கோடுகளையும் மெல்லிசாக இழுத்தால் இரண்டும் நடுவில் சந்தித்து இதழின் வரியாகவே தெரியும். வழவழப்பு கிடைக்காது, ஆனால் பூவின் சொரசொரப்பு கிடைக்கும். எனக்கு ஆயில் இதழ்தான் பிடிக்கும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இந்தக் கோட்டு முறையைத்தான்.

நடுவட்டத்தில் அக்ரிலிக்

நடுவட்டத்தைப் பழுப்பு வட்டமாக அடித்துவிட்டு நகர்ந்துவிடுவது பெரும்பாலானவர்களின் வழக்கம். பூவின் முகமே அதுதான். அங்கே இருப்பது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். அவை சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கமாக எண்ணினால் 34 சுருள், எதிர்ப்பக்கமாக எண்ணினால் 55 என்று பல பூக்களில் வரும். அத்தனையையும் வரைய வேண்டாம். புள்ளிகள் வளைந்து சுழல்கிற உணர்வு இருந்தால் போதும்.

முதலில் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பில் அடர்ந்த வட்டம். காயட்டும். அதன் மேல் சியன்னா புள்ளிகள், விளிம்பிலிருந்து உள்நோக்கி வளைவாக. காயட்டும். பிறகு வெளிச்சம் விழும் பக்கம் மட்டும் ஆக்கர் புள்ளிகள், கடைசியாக நாலைந்து ஆரஞ்சுப் பொட்டுகள். இப்படிக் காயக் காயப் புள்ளி வைப்பது அக்ரிலிக்கில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல நடக்கும். ஆயிலில் ஈரப் பழுப்பின் மேல் வைத்த புள்ளி அதற்குள்ளேயே முங்கிவிடும். கெட்டியாக எடுத்து, அழுத்தாமல் விட்டுவிட்டு வரும் கைப்பழக்கம் வந்தவர்களுக்குத்தான் அது கைகூடும்.

பின்னணி, வான்கோவிடமிருந்து ஒரு வழி

சூரியகாந்தி என்றதும் நினைவுக்கு வரும் வின்சென்ட் வான்கோ, 1888 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் நகரில் நான்கு சூரியகாந்தி ஓவியங்களை ஆயிலில் வரைந்தார். ஓவியரும் நண்பருமான பால் கோகன் வந்து தங்கப்போகும் வீட்டை அலங்கரிக்க. பூக்கள் சீக்கிரம் வாடிவிடும் என்பதால் விடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுவாராம். அவற்றில் ஒன்று இப்போது மியூனிக்கில் இருக்கிறது, அதன் பின்னணி பச்சை கலந்த நீலம். இன்னொன்று லண்டன் நேஷனல் கேலரியில், அதில் பின்னணியே மஞ்சள்.

புதியவர்கள் கவனிக்க வேண்டியது லண்டன் ஓவியத்தை. ஆயிலில்தான் தொடங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தால் பின்னணியையும் வெளிர் மஞ்சளாகவோ காவியாகவோ வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு ஈரம் கலந்தாலும் கெட்டுப்போக எதுவும் இல்லை. நீல வானம் வேண்டுமென்றால் அக்ரிலிக்.

வான்கோ பயன்படுத்திய குரோம் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுவதை விஞ்ஞானிகள் 2011இல் எக்ஸ்-கதிர் ஆய்வில் விளக்கினார்கள். அது ஈயம் கலந்த நிறமி. நாம் இன்று வாங்கும் மாணவர் டியூப்களின் மஞ்சள் வேறு வகை என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

வீட்டில் யார் தொந்தரவு தரமாட்டார்?

அக்ரிலிக்குக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிரஷைக் காயவிட்டால் குச்சியாகிவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். துணியில் பட்டு காய்ந்தாலும் போகாது.

ஆயிலுக்கு டர்பன்டைன் வேண்டும். அதன் வாடை தலைவலி தரும். ஜன்னல் இல்லாத அறையிலும் கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் வேண்டவே வேண்டாம். இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. ஆளி விதை எண்ணெய் ஆக்சிஜனை இழுத்து இறுகும்போது சூடு உண்டாகும். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து மூடிய டப்பாவில் போடுங்கள். இதைச் சொல்லாமல் ஆயில் கற்றுக்கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

தண்ணீரில் கழுவக்கூடிய ஆயில் பெயின்டும் வருகிறது. வாடைக்குத் தீர்வு அது, ஆனால் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. போஸ்டர் கலர் கேன்வாஸுக்கு ஆகாது. காய்ந்த பிறகும் ஈரக்கை பட்டால் கரையும், கெட்டியாகப் பூசினால் உதிரும். ஆயில் பேஸ்டல் கடைசிவரை முழுதாகக் காயாது, கண்ணாடி போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கேன்வாஸில் பெரிய யோசனை வேண்டாம். முதல் பூவுக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதைவிட அட்டையில் ஒட்டிய கேன்வாஸ் போர்டு மலிவு, அழுத்தினாலும் குழி விழாது. 10க்கு 12 அங்குலம் சரியான அளவு. பிரஷில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். நுனி வளைவாக இருக்கும் ஃபில்பர்ட் ஆறாம் எண் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அழுத்தி வைத்து இழுத்துக்கொண்டே தூக்கினால் ஓர் இதழ் தானாக விழும். அக்ரிலிக்குக்கு நைலான் முடி, ஆயிலுக்குப் பன்றி முடி.

என் தீர்ப்பு

முதல் பூ அக்ரிலிக்கில். இரண்டாவது பூவுக்கு இரண்டையும் சேருங்கள். வானம், இலை, இதழுக்கான வெள்ளை அடிப்பூச்சு, நடுவட்டம் எல்லாம் அக்ரிலிக்கில் முடித்து ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு, இதழ்களை மட்டும் மேலே ஆயிலில் வரையுங்கள். அக்ரிலிக்கின் மேல் ஆயில் பிடிக்கும். தலைகீழாக மட்டும் செய்துவிடாதீர்கள், ஆயிலின் மேல் பூசிய அக்ரிலிக் நாளடைவில் உரிந்துவிடும்.

எதிர் வீட்டுப் பெண் ஏற்கெனவே ஆயில் வாங்கிவிட்டாள், அதை வீணாக்க மனம் வரவில்லை. நீலத்தையும் சேர்த்து வழித்துவிட்டு, வெளிர்க் காவிப் பின்னணியில் மறுபடி வரைந்தாள். கேன்வாஸ் இப்போது அவர்கள் வீட்டு பீரோ மேல் காய்கிறது. நேற்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாளாம். அம்பர் நிறம் ஆயிலில் சீக்கிரம் காயும், டைட்டேனியம் வெள்ளை கலந்த மஞ்சள் தாமதமாகும். நடுவட்டம் காய்ந்துவிட்டது, இதழ்கள் இன்னும் ஒட்டுகின்றன.