பனியன் கம்பெனியின் பழைய நிரல்: சி ஷார்ப்புக்கா, பைத்தானுக்கா?

திருப்பூர்ப் பக்கம் பனியன் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுகளில் விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய கணக்கு நிரல்களை இன்றும் பார்க்கலாம். 1998-ல் வந்த மொழி. மைக்ரோசாப்ட் அதன் ஆதரவை 2008-லேயே முடித்துக்கொண்டது. "நல்லாத்தானே ஓடுதுங்க, எதுக்கு மாத்தோணும்?" என்று முதலாளி கேட்பதிலும் நியாயம் உண்டு, விண்டோஸ் 11-லும் அது ஓடத்தான் செய்கிறது. ஆனால் அதில் கை வைக்கத் தெரிந்த ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சரி, மாற்றுவதென்றால் எந்த நிரல்மொழிக்கு, சி ஷார்ப்புக்கா, பைத்தானுக்கா?

முதலில் வகுத்தலைப் பாருங்கள். கட்டிங்கிலிருந்து போன பீஸுக்கும் செக்கிங்குக்கு வந்த பீஸுக்கும் உள்ள வித்தியாசத்தை டஜனும் உதிரியுமாகக் காட்ட வேண்டும். 7 பீஸ் குறைகிறது, அதாவது -7. பழைய நிரல் இதை 12-ஆல் வகுத்து 0 டஜன், மீதி -7 என்கும். சி ஷார்ப்பும் அதையே சொல்லும். பைத்தானில் ஈவுக்கு // போட்டால் -1 டஜன், மீதிக்கு % போட்டால் 5! மற்ற இரண்டும் ஈவைப் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுகின்றன. பைத்தான் கீழே இருக்கும் முழு எண்ணுக்கு இறக்குகிறது. கூட்டிப் பார்த்தால் -12, +5, கணக்கு சரிதான். ஆனால் "ஒரு டஜன் குறைவு, 5 பீஸ் கூடுதல்" என்று திரையில் வந்தால் செக்கிங் மேஸ்திரி சண்டைக்கு வந்துவிடுவார். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் வம்பு. குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வகுத்தால் தீரும்.

சி ஷார்ப் யோக்கியமா? அதற்கு வேறு குணம். டஜனுக்கு 100 ரூபாய் கூலி என்றால் பீஸுக்கு எவ்வளவு? பழைய நிரலிலும் பைத்தான் 3-லும் / போட்டால் 8.33 வரும். சி ஷார்ப்பில் இரண்டும் முழு எண் வகையாக இருந்தால் வெறும் 8. ஆயிரம் பீஸில் 333 ரூபாய் போச்சு.

பணக் கணக்கில் சி ஷார்ப்பே தேவலை. பழைய மொழியில் பணத்துக்கென்றே இருந்த கரன்சி என்கிற எண் வகைக்கு சி ஷார்ப்பின் டெசிமல் வகை ஏறக்குறைய நேர் மாற்று. கரன்சி 4 தசம இடத்தோடு நிறுத்திக்கொள்ளும், இது நிறுத்தாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பைத்தானில் சாதாரணமாக எழுதினால் 0.1-ம் 0.2-ம் சேர்ந்து 0.30000000000000004 ஆகும். இதைத் தவிர்க்க அதிலும் டெசிமல் தொகுதி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நினைவாகப் போட வேண்டும்.

பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்கிற பழைய கட்டளை இரண்டிலுமே கிடையாது. நல்லதாகப் போயிற்று.

பார்ட்டி பெயர்களைப் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால், அவற்றை இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவரும் வேலைக்குப் பைத்தான்தான் சுகம். சின்ன நிரலில் முடிந்துவிடும். ஆகவே என் கட்சி இது: பில், ஸ்டாக் திரைகள் சி ஷார்ப்பில், தரவு மாற்றமும் மாதாந்திர அறிக்கைகளும் பைத்தானில்.

பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்தே ஓட்டிப் பாருங்கள். அதில் பீஸ் குறைந்த சலான்கள் கட்டாயம் இருக்கட்டும். எல்லாம் சரியாக வந்த மாதமாக எடுத்தால் அந்த டஜன் கணக்கில் மூன்று மொழியும் ஒரே விடைதான் தரும்.