ஆர் மென்பொருளின் பிளாட் விண்டோ: அகலமும் உயரமும் யார் கையில்?

வயல் சோதனைகளின் தரவை வாங்கி, ஆராய்ந்து, படமாக்கிக் கொடுப்பது என் வேலை. நெல் ரகங்களின் மகசூல், மாதவாரி மழை, மண்ணின் ஈரம் என்று எது வந்தாலும் புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளில்தான் வரைகிறேன். ஆர் பற்றி எழுதுகிறவர்கள் அதன் புள்ளியியல் வலிமையைச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அதன் பிளாட் விண்டோவை, அதாவது படம் வரையப்படும் சாளரத்தைப் பற்றி, அதிலும் அதன் அளவைப் பற்றி. ஒரு படம் பளிச்சென்று புரிவதும் புரியாமல் போவதும் பெரும்பாலும் அகலம், உயரம் என்ற இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

நாம் அளவு எதுவும் சொல்லாவிட்டால் ஆர் திறப்பது 7 இன்ச்சுக்கு 7 இன்ச் சதுரம். பிடிஎஃப் கோப்பாக எழுதச் சொன்னாலும் அதே 7க்கு 7தான். உரத்தின் அளவுக்கும் மகசூலுக்கும் உள்ள உறவைப் புள்ளிகளாகப் பார்க்க இந்தச் சதுரம் அருமையான வடிவம். மழைக்கு ஆகாது. முப்பது ஆண்டு மாதவாரி மழை என்றால் 360 கம்பிகள். சதுரத்துக்குள் அடைத்தால் வடகிழக்குப் பருவமழை எங்கே, கோடை மழை எங்கே என்றே தெரியாது. அதற்கு அகலம் 12, உயரம் 4 வைக்கிறேன். இருபது நெல் ரகங்களை ஒப்பிடும்போது கதையே வேறு. பெயர்களை இடப்பக்கம் படுக்கை வாட்டில் எழுதி, அகலம் 6, உயரம் 9 என்று நெடுக விட்டால்தான் ஒவ்வொரு ரகமும் மூச்சு விடும்.

இதையெல்லாம் சொல்வதற்கு, புதிய விண்டோவைத் திறக்கும் டெவ்.நியூ (dev.new) என்ற ஒரே கட்டளை போதும். வித்த் (அகலம்), ஹைட் (உயரம்) இரண்டையும் இன்ச்சில் கொடுக்க வேண்டியதுதான். விண்டோஸ் கணினியில் அது ‘விண்டோஸ்’ என்ற படம் வரையும் கருவியைத் திறக்கும், மேக்கில் ‘குவார்ட்ஸ்’, லினக்ஸில் ‘எக்ஸ்11’. நிரலை எழுதுகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என்னுடைய நிரலை லினக்ஸ் வைத்திருக்கும் தோழியிடம் கொடுத்தாலும் ஒரு வரி மாற்றாமல் ஓடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆரில் எழுத்தின் அளவு பாயின்ட் (அச்செழுத்தை அளக்கும் அலகு) கணக்கில் நிற்கிறது. விண்டோவைப் பெரிதாக்கினால் எழுத்து கூடவே பெரிதாவதில்லை. சின்ன வாசலில் போட்ட கோலத்தைப் பெரிய வாசலில் போடும்போது மாவுக் கோட்டின் தடிமன் அப்படியேதான் இருக்கும், புள்ளிகளுக்கு நடுவே இடம்தான் கூடும், இதுவும் அப்படித்தான். ஆகவே “எழுத்து சின்னதாகத் தெரிகிறது, விண்டோவைப் பெரிதாக்குகிறேன்” என்று போனால் நடப்பது நேர்மாறு. அந்தப் பெரிய படத்தைக் கட்டுரையில் ஒட்டச் சுருக்கும்போது எழுத்து இன்னும் பொடியாகிவிடும். அச்சில் படம் எத்தனை இன்ச் வரப்போகிறதோ, அந்த அளவிலேயே விண்டோவைத் திறந்து வரைய வேண்டும். மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதே “பக்கத்தில் இதற்கு எவ்வளவு இடம்?” என்றுதான்.

ஓரங்களும் இதே கணக்குதான். வழக்கமான அமைப்பில் கீழே 1.02 இன்ச், மேலே 0.82, இடப்பக்கம் 0.82, வலப்பக்கம் 0.42 என்று ஆர் ஒதுக்கிக்கொள்கிறது. 7 இன்ச் சதுரத்தில் உண்மையாகப் படம் வரைய மிஞ்சுவது 5.76க்கு 5.16. விண்டோவின் உயரம் 2 இன்ச்சுக்கும் கீழே போனால் மேல் ஓரமும் கீழ் ஓரமுமே ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஓரங்கள் மிகப் பெரியவை என்று சிவப்பில் வரும் அந்தப் பிழைச்செய்தியின் காரணம் இதுதான். நிரலில் தப்பு தேட வேண்டியதில்லை. இடத்தைக் கூட்டுங்கள், அல்லது ஓரங்களுக்கான மார் (mar) அமைப்பில் ஓரத்தைக் குறையுங்கள்.

ஆர் நிரல் எழுதவும் ஓட்டவும் உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பிழை அடிக்கடி வரும். அங்கே படம் தனி விண்டோவில் வருவதில்லை, மூலையில் உள்ள பிளாட்ஸ் பகுதிக்குள் வருகிறது. அந்தப் பகுதி எவ்வளவோ, படமும் அவ்வளவு. நாம் கொடுக்கும் அகல உயரத்தை அது ஏற்பதில்லை. தப்பிக்க வழி டெவ்.நியூவிலேயே இருக்கிறது: நோஆர்ஸ்டுடியோஜிடி (noRStudioGD) என்பதை ட்ரூ என்று கொடுத்தால் கணினியின் சொந்த விண்டோ நாம் சொன்ன அளவில் தனியாகத் திறக்கும். ஆரின் உதவிப் பக்கத்தில் இது தெளிவாகவே இருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் படிக்கிறவர்கள் குறைவு. இவ்வளவு தேவையான ஒன்று இப்படி ஒளிந்திருக்கக் கூடாது.

விண்டோஸ் கணினிக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் சில வசதிகளைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ரீஸ்கேல் என்பதை ‘ஃபிட்’ என்று வைத்தால், மூலையைப் பிடித்து இழுத்தாலும் அகல உயர விகிதம் மாறாது. ரெக்கார்டை ட்ரூ ஆக்கினால் முன்பு வரைந்த படங்களைப் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளால் புரட்டிப் பார்க்கலாம். திரையில் ஓர் இன்ச் என்று ஆர் நினைப்பதும் ஸ்கேல் வைத்து அளந்தால் வருவதும் ஒன்றாக இல்லாவிட்டால், எக்ஸ்பின்ச் (xpinch), ஒய்பின்ச் (ypinch) இரண்டிலும் ஓர் இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்று சொல்லிச் சரிசெய்யலாம்.

அப்புறம், சேமிப்பது. படக்கோப்பு எழுதும் பிஎன்ஜி (PNG) கருவி சும்மா விட்டால் 480க்கு 480 பிக்சல்தான் தரும், திரைக்கு மட்டுமே லாயக்கு. பிக்சலை மட்டும் 2000 ஆக்கினால் எழுத்து எறும்பாகிவிடும், காரணம் மேலே சொன்னதுதான். அளவை இன்ச்சில் கொடுத்து, ரெஸ் 300 (ஓர் இன்ச்சுக்கு 300 பிக்சல்) என்று சேர்த்துக் கொடுங்கள். 6 இன்ச் அகலத்துக்கு 1800 பிக்சல் வரும், எழுத்தும் தன் அளவில் நிற்கும். படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2 பயன்படுத்துகிறவர்களுக்கு, அதன் சேமிக்கும் கட்டளையான ஜிஜிசேவ் இந்த 300ஐத் தானே வைத்துக்கொள்கிறது. ஆனால் அளவு சொல்லாவிட்டால் அந்த நேரத்தில் திறந்திருக்கும் விண்டோவின் அளவையே எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒரு படம், நாளைக்கு வேறொரு படம் என்று ஆகாமல் இருக்க அகல உயரத்தை நிரலிலேயே எழுதிவிடுவது நல்லது.

தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண பிடிஎஃப் கருவி தமிழ் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகளைப் போடும். கெய்ரோ பிடிஎஃப் (cairo_pdf) என்ற கருவி, அல்லது படக்கோப்புக்கு ராக் (ragg) என்ற தொகுப்பு, இவற்றில் கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்காரும். தமிழ்ப் பெயர்கள் நீளமாக வருவதால் இடப்பக்க ஓரத்தைத் தாராளமாக விட வேண்டும்.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. ஆய்விதழ்கள் படத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் கேட்பது வழக்கம். பிஎன்ஜி, ஜிஜிசேவ் இரண்டும் மில்லிமீட்டரை ஏற்கின்றன. திரை விண்டோக்கள் இன்ச்சை மட்டுமே ஏற்கின்றன. பக்கத்தில் 85 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்திக்கு ஒவ்வொரு முறையும் 25.4ஆல் வகுத்து 3.35 என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. டெவ்.நியூவிலும் யூனிட்ஸ் (அலகைச் சொல்லும் வசதி) சேர்த்துவிட்டால் மாணவர்களுக்கு இந்த வகுத்தலைச் சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்கு இருக்காது.